சுவரொட்டியும் ஸ்ப்ளீனும்

கேள்வி: வணக்கம் மேடம். நான் பி.எஸ்சி. நர்சிங் முதல் வருடம் படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். அனாட்டமி புத்தகத்தில் பக்கத்துக்கு இருபது புது வார்த்தை வருகிறது. ராத்திரி மனப்பாடம் செய்தது காலையில் பாதி மறந்துபோகிறது. ஹைப்போவையும் ஹைப்பரையும் மாற்றி எழுதி டெஸ்டில் மார்க் போனது. எங்கள் அப்பா ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கிறார். வகுப்பில் ஸ்ப்ளீனை, அதாவது மண்ணீரலைக் காட்டி இது என்ன என்று கேட்டபோது, வாய் தவறி கறிக்கடைப் பெயரான 'சுவரொட்டி' என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். இப்போது எனக்கு அதுதான் பட்டப்பெயர். இந்த வார்த்தைகளை எப்படிப் படிப்பது? இவற்றுக்கு அர்த்தம் என்று ஏதாவது உண்டா, இல்லை சும்மா வைத்த பெயர்களா? இன்னொன்று அப்பா கேட்கச் சொன்னார்: ஜூலியஸ் சீசர் ஆபரேஷனில் பிறந்ததால்தான் சிசேரியன் என்று பெயர் வந்ததா?

(பெயர் வெளியிட விரும்பாத மாணவி)

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

அந்த வகுப்பில் நான் இருந்திருந்தால் உனக்கு முழு மார்க் போட்டிருப்பேன். ஃபார்மலினில் மாதக்கணக்கில் கிடந்த மண்ணீரல் நிறம் செத்து, கெட்டிப்பட்டு, காய்ந்த களிமண் மாதிரி ஆகிவிடும். முதல் வருடப் பிள்ளைகளில் பாதிப் பேர் அதைப் பார்த்துக் கிட்னி என்பார்கள். போதாததற்கு ஆட்டினுடையது தட்டையாக முக்கோண வாக்கில் இருக்கும்; மனிதனுடையது கைப்பிடி அளவுக்குத் திரண்டிருக்கும். அப்படியிருந்தும் நீ கண்டுபிடித்தாய் என்றால், அது அப்பாவின் கடையில் பழகிய கண். முப்பது வருடம் உடற்கூறியல் சொல்லிக்கொடுத்தவள் சொல்கிறேன், சிரித்தவர்களுக்கு அந்தக் கண் வர இன்னும் இரண்டு வருடம் ஆகும்.

சுவரில் வீசினால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் சுவரொட்டி. பெயர் வைத்தவர் யாரோ ஒரு கறிக்கடைக்காரர்தான். கையில் எடுத்தார், பிசுபிசுப்பு தெரிந்தது, பெயர் வந்துவிட்டது. நுரையீரலையும் பார். அறுத்து அழுத்தினால் நுரை வரும். தண்ணீரில் போட்டால் மிதக்கும், ஈரல் மூழ்கும். கடையில் உறுப்புகளைக் கழுவும்போது நீயே பார்த்திருப்பாய். இங்கிலாந்துக் கறிக்கடைகளில் ஆட்டு நுரையீரலுக்கு லைட்ஸ் என்று பெயர், எடையில்லாதது என்ற அர்த்தத்தில். லங் என்ற சொல்லும் எடை குறைந்தது என்னும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஒரு ஊர்க்காரர் நுரையைப் பார்த்தார், இன்னொரு ஊர்க்காரர் கையில் தூக்கிப் பார்த்தார். பொருள் ஒன்றுதான்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: இவற்றில் சும்மா வைத்த பெயர் ரொம்பக் குறைவு. வைத்தவன் என்ன பார்த்தானோ அதுதான் பெயர். கிரேக்கர்களும் ரோமானியர்களும் பெயர் தேடி வானத்தைப் பார்க்கவில்லை, பெரும்பாலும் அடுக்களையைத்தான் பார்த்தார்கள். பெல்விஸ் என்றால் லத்தீனில் வாயகன்ற பாத்திரம், நம் அண்டா மாதிரி. தொடை எலும்பின் தலை போய் உட்காருகிற குழி இருக்கிறதே, அசிட்டாபுலம், அது வினிகர் ஊற்றி வைக்கிற கிண்ணம். பட்டெல்லா சின்னத் தட்டு. அதே எலும்பை நம் ஆட்கள் முழங்கால் சில்லு என்றார்கள். ஓட்டுச் சில்லை உரசி வட்டமாக்கிப் பாண்டி ஆடியிருக்கிறாயா? அந்தச் சில்லு. அடுத்த முறை எலும்புப் பெட்டியிலிருந்து பட்டெல்லாவைக் கையில் எடுக்கும்போது இரண்டு பெயரையும் சொல்லிப் பார். எனக்கு நம்முடையதே பொருத்தமாகப் படுகிறது. கனமும் ஓரமும் அப்படியே சில்லுதான்.

மசில் என்ற சொல்லுக்குச் சுண்டெலி என்று அர்த்தம். சிரிக்காதே. முண்டாவை மடக்கினால் தோலுக்கடியில் எலி ஓடுவதுபோல் தெரிகிறது அல்லவா, அதைத்தான் பார்த்திருக்கிறார்கள். கிரேக்கத்திலும் எலிக்கும் தசைக்கும் ஒரே சொல், மிஸ். உன் புத்தகத்தில் மயோ என்று ஆரம்பிக்கிற மயோகார்டியம், மயோசைட்டிஸ், மயால்ஜியா எல்லாவற்றுக்குள்ளும் அந்த எலி இருக்கிறது. நம்மிடம் கெண்டைக்கால் இருக்கிறது. குளத்தில் துள்ளுகிற கெண்டைக்கும் அதே பெயர்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ப்யூபில். கண்ணின் நடுவில் இருக்கிற கறுப்பு வட்டம். லத்தீனில் பூபில்லா என்றால் சின்னப் பெண், பொம்மை. எதிரே இருப்பவரின் கண்ணுக்குள் கிட்டப்போய்ப் பார்த்தால் உன் உருவமே விரல்நுனி அளவில் பொம்மையாகத் தெரியும். கிரேக்கர்களும் அதற்குக் கோரே என்றார்கள், அதுவும் சிறுமிதான். சரி, தமிழில்? பாவை. பாவை என்றாலும் பொம்மைதான், பெண்தான். "கருமணியிற் பாவாய்நீ போதாய்" என்று வள்ளுவர் அந்தப் பொம்மையைப் பார்த்துத்தான் கொஞ்சம் இடம் விடு, என் காதலிக்கு இடம் போதவில்லை என்று சொல்ல வைக்கிறார், 1123ஆம் குறளில். மூன்று ஊர்களில் மூன்று பேர் இன்னொருவரின் கண்ணைக் கிட்டத்தில் பார்த்து ஒரே பொம்மையைக் கண்டிருக்கிறார்கள். ப்யூபில் என்ற சொல்லை இனி உன்னால் மறக்க முடியுமா?

இதுதான் படிக்கும் வழியும். ஒரு 192 பக்க நோட்டு போடு. சொல்லை எழுது, பக்கத்தில் அதைப் பிரித்து எழுது, அதற்குப் பக்கத்தில் 'என்ன பார்த்தார்கள்' என்று ஒரு வரி. முடிந்தால் ஒரு கோட்டுப் படம். கடைசியில் வீட்டுப் பெயர்: குண்டிக்காய், சுவரொட்டி, குடல்வால் என்று எது தெரியுமோ அது. ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் வேண்டாம்.

பிரிக்கும்போது ஒரு சங்கடம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரே உறுப்புக்கு இரண்டு பெயர் இருப்பது தெரியவரும். கிட்னிக்குப் போகிற ரத்தக்குழாய் ரீனல் ஆர்ட்டரி, கிட்னி வீங்கினால் நெஃப்ரைட்டிஸ். நுரையீரல் குழாய் பல்மனரி, காய்ச்சல் நிமோனியா. இது உன்னைக் குழப்புவதற்காகச் செய்த சதி இல்லை. உறுப்புகளின் பெயர்ப்பட்டியல் லத்தீனில் வளர்ந்தது. நோய்ப் பெயர்கள் பெரும்பாலும் கிரேக்கத்திலிருந்து வந்தன. ரென், பல்மோ லத்தீன். நெஃப்ரோஸ், நியூமோன் கிரேக்கம். விதிவிலக்கு நிறைய உண்டு, இருந்தாலும் உறுப்பு என்றால் லத்தீன், நோய் என்றால் கிரேக்கம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சொல்லின் கடைசியில் ஒட்டுகிற வால்கள் கொஞ்சம்தான். எக்டமி என்றால் வெட்டி வெளியே எடுப்பது, டமி என்றால் வெட்டித் திறப்பது, ஸ்டமி என்றால் ஒரு வாய் வைப்பது. ஸ்டோமா என்றால் கிரேக்கத்தில் வாய். காலோஸ்டமி செய்த நோயாளியை நீதான் பார்த்துக்கொள்ளப் போகிறாய். வயிற்றில் பெருங்குடலுக்கு ஒரு வாய் வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டால் சொல்லும் நிற்கும், வேலையும் புரியும்.

ஐட்டிஸ் என்பதன் கதை வேடிக்கையானது. கிரேக்கத்தில் அதற்கு அழற்சி என்ற அர்த்தமே கிடையாது. 'அதைச் சேர்ந்த' என்பதுதான் பொருள். ஆர்த்ரைட்டிஸ் நோசோஸ் என்றால் மூட்டைச் சேர்ந்த நோய். நோசோஸ், அதாவது நோய் என்ற சொல், நாளடைவில் உதிர்ந்துவிட்டது; அடைமொழி மட்டும் நின்று, பிறகு அழற்சி என்ற அர்த்தத்தையும் ஏற்றுக்கொண்டது. நாம் செய்யாததா என்ன? 'எனக்கு சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு' என்கிறோம். சுகர் எல்லோருக்கும் இருக்கிறது, பிரஷர் இல்லாவிட்டால் ஆள் இல்லை. வியாதி என்ற சொல் உதிர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

இனி ஹைப்போ, ஹைப்பர். இதை நிதானமாகப் படி, ஏனென்றால் மார்க்கோடு முடிகிற விஷயம் இல்லை. ஹைப்போ என்றால் கீழே, ஹைப்பர் என்றால் மேலே. ஹைப்போடெர்மிக் ஊசி தோலுக்குக் கீழே போகிறது. ஹைப்பரின் லத்தீன் ஒன்றுவிட்ட அண்ணன் யார் தெரியுமா, நாம் வாய்க்கு வாய் சொல்கிற 'சூப்பர்'. இரண்டும் 'ர்'-இல் முடிகின்றன, இரண்டும் மேலே. எழுதும்போது இது போதும். ஆனால் வார்டில் ராத்திரி இரண்டு மணிக்கு ஃபோனில் சொல்லும்போது போதாது. ஹைப்போகிளைசீமியா, ஹைப்பர்கிளைசீமியா இரண்டும் காதில் ஒன்றுபோல விழும். ஒன்றுக்கு உடனே குளுக்கோஸ், இன்னொன்றுக்கு இன்சுலின். மாற்றிக் கொடுத்தால் ஆள் போய்விடுவார். ஆகவே பெயரைச் சொல்லாதே, எண்ணைச் சொல்: 'சுகர் 54, குறைவு'. எதிர்முனையில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகு ஃபோனை வை. டிஸ்ஃபேஜியா, டிஸ்ஃபேசியாவும் இதே ஜாதி. முதலாவது விழுங்க முடியாதது, ஃபேஜ் என்றால் தின்பது. இரண்டாவது பேச்சு வராதது. பேச்சுத்தானே வரவில்லை என்று நினைத்து விழுங்க முடியாதவருக்குக் கஞ்சி ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும்.

என் கதையையும் சொல்கிறேன். இரண்டாவது எம்.பி.பி.எஸ். வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், 'இலியம் பற்றிச் சொல்' என்றார். நான் இடுப்பெலும்பைப் பிடித்துக்கொண்டு அதன் விளிம்பு, அதில் ஒட்டும் தசைகள் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'சரி, இதற்குள் சாப்பாடு எப்படிப் போகும்?' என்றார். அவர் கேட்டது சிறுகுடலின் கடைசிப் பகுதியை. இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்று. எழுத்தில் நடுவில் ஆங்கில 'ஈ' வந்தால் குடல், 'ஐ' வந்தால் எலும்பு. ஈட்டிங் என்று நினைத்துக்கொள். நாற்பது வருடம் ஆகியும் அந்தச் சிரிப்பு என் காதில் இருக்கிறது, உனக்கு சுவரொட்டி மாதிரி.

குடல் பேச்சு வந்துவிட்டதால் இன்னும் இரண்டு. சிறுகுடலின் முதல் பகுதி டியோடினம்; பன்னிரண்டு என்று பொருள். அதன் நீளம் பன்னிரண்டு விரல் அகலம் என்று அலெக்சாண்ட்ரியாவில் ஹெரோஃபிலஸ் என்ற பழைய கிரேக்க டாக்டர் கணக்கிட்டார். நம் வைத்தியர்களும் விரற்கடையில்தான் அளந்தார்கள். அடுத்த பகுதி ஜெஜூனம், லத்தீனில் பட்டினி என்று பொருள். பிணத்தை அறுத்துப் பார்த்தபோது அந்த இடம் எப்போதும் வெறுமையாகவே இருந்ததாம்.

இந்த ஜெஜூனத்தில்தான் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. உயிரோடு இருப்பவருக்கு அது பட்டினி கிடப்பதில்லை. செத்த உடலில் பார்த்ததை வைத்துப் பெயர் வைத்தார்கள். ஆர்ட்டரியும், அதாவது தமனியும் அப்படித்தான். இறந்த பிறகு ரத்தம் வெயின் (சிரை) பக்கம் தங்கிவிடும், தமனிகள் காலியாகக் கிடக்கும். அதைப் பார்த்து அவை காற்றுக் குழாய்கள் என்று பழைய கிரேக்கர்கள் நினைத்தார்கள். மூச்சுக்குழலுக்கும் ஆர்ட்டீரியா என்றே பெயர்; அது சொரசொரப்பாக இருந்ததால் 'சொரசொர ஆர்ட்டரி', டிராக்கியா ஆர்ட்டீரியா. இங்கேயும் பின்சொல் உதிர்ந்து டிராக்கியா மட்டும் மிஞ்சியது. தமனிக்குள் ஓடுவது ரத்தம்தான் என்று ரோமானியக் காலத்து டாக்டர் கேலன் காட்டிய பிறகும் பெயர் மாறவில்லை. மலேரியா என்றால் இத்தாலியத்தில் கெட்ட காற்று. காற்றில் ஒன்றும் இல்லை, கொசுவில் இருக்கிறது என்பதை ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்துக் கண்டார். ஹிஸ்டீரியா இவற்றைவிட மோசம். ஹிஸ்டெரா என்றால் கருப்பை. பெண் பதறினால், அழுதால், மயங்கினால் எல்லாம் கருப்பையின் வேலை என்று நம்பிய காலத்துச் சொல் அது. ஹிஸ்டெரெக்டமியில் அந்த வேர் ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் வலியில் கத்துகிற ஒருத்தியை 'ஹிஸ்டீரிக்கல்' என்று யாராவது சொன்னால் நீ அதைக் கேஸ் ஷீட்டில் எழுதாதே. வேர் சொல்லை நினைவில் வைக்கத்தான் உதவும். நோயைப் புரிந்துகொள்ள வேர் போதாது.

கேன்சரும் புற்றும் பற்றி ஒரு முழு வகுப்பு எடுக்கலாம், சுருக்கிச் சொல்கிறேன். கிரேக்கர்கள் கட்டியைச் சுற்றிப் புடைத்த ரத்தக்குழாய்களைப் பார்த்து நண்டு என்றார்கள். லத்தீனில் நண்டுதான் கேன்சர். நாம் புற்று என்றோம். நண்டு மேலிருந்து பார்த்த பெயர். புற்றோ மேலே கொஞ்சம்தான் தெரியும், உள்ளே எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று தெரியாது.

நீரிழிவு இன்னொரு நல்ல ஜோடி. டயாபடீஸ் என்றால் கிரேக்கத்தில் ஊடே கடந்துபோவது. குடித்த தண்ணீர் உடம்பில் தங்காமல் குழாய் வழி போவதுபோல் வெளியேறுகிறது என்று கப்படோக்கியாவைச் சேர்ந்த அரீட்டியஸ் என்ற பழைய கிரேக்க டாக்டர் எழுதினார். தமிழில் இழிதல் என்றால் கீழே இறங்கி ஓடுவது. நீர் இழிவு. கேவலம் என்ற அர்த்தத்து இழிவு இல்லை, அப்படி நினைத்து அந்தச் சொல்லைத் தவிர்க்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மெல்லிடஸ் என்றால் தேன் கலந்த. சிறுநீர் இனிக்கிறது என்று 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் என்ற இங்கிலாந்து டாக்டர் எழுதினார். எப்படித் தெரிந்தது என்று கேட்காதே, அந்தக் காலத்து டாக்டர்கள் நாக்கில் வைத்துத்தான் பார்த்தார்கள். நம் பக்கம் அதை மதுமேகம் என்று முன்பே சொல்லிவைத்திருந்தார்கள். இன்சிபிடஸ் என்று இன்னொரு டயாபடீஸ் வரும், அதற்குச் சுவையில்லாதது என்று பொருள். நோய்ப்பெயரிலேயே பரிசோதனை முடிவு இருக்கிறது. இன்சுலின் என்ற பெயர் தீவு என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கணையத்தில் தனித்தனித் திட்டுகளாக ஒரு வகைச் செல்கள் இருப்பதை 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் பார்த்தார். இன்சுலின் சுரப்பது அந்தத் திட்டுகளில்தான், ஆனால் அவை எதற்கு என்று அவருக்குத் தெரியாது. அப்போது அவரும் உன்னைப்போல மாணவர்தான்.

தமிழில் யோசித்தால் பின்தங்கிவிடுவோமோ என்ற பயம் உன் கடிதத்தில் தெரிகிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க டாக்டர், மானிப்பாயில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேலைமருத்துவம் சொல்லிக்கொடுத்தார். அறுவை மருத்துவத்துக்கு இரணவைத்தியம் என்று 1867இல் தமிழ்ப் புத்தகம் வந்தது, வேதியியலுக்கு 1875இல் கெமிஸ்தம். அந்தக் கலைச்சொற்களில் பல இன்று வழக்கில் இல்லை. சிலது எனக்கே பல்லில் கடிபடும். ஆனால் அந்தப் பாடங்களைப் படித்தவர்கள் டாக்டர்களாக வேலை பார்த்தார்கள். நீ பரீட்சையில் ஆங்கிலத்தில் எழுதித்தான் ஆகவேண்டும், எழுத்துப்பிழை இல்லாமல். புரிந்துகொள்வது எந்த மொழியில் என்று யாரும் பேப்பரில் கேட்கப்போவதில்லை. அப்புறம், வார்டில் உன்னிடம் வருகிற பாட்டிக்கு ஸ்ப்ளீன் என்றால் தெரியாது. மண்ணீரல் என்றாலும் முழிப்பாள். சுவரொட்டி என்று சொல், இடது விலா எலும்புக்கடியில் தானே கையை வைத்துக் காட்டுவாள்.

கடைசியாக அப்பாவின் கேள்வி. சீசர் அப்படிப் பிறந்திருக்க வாய்ப்பில்லை. அந்தக் காலத்தில் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுப்பது, தாய் இறந்துவிட்டால் அல்லது பிழைக்கமாட்டாள் என்று தெரிந்தால் மட்டும்தான். சீசரின் அம்மா அவுரேலியா இறந்தது கி.மு. 54இல், மகனுக்கு நாற்பத்தைந்து வயதுவாக்கில் இருக்கும்போது. சீசரின் முன்னோர் ஒருவர் அப்படிப் பிறந்து அதனால் குடும்பத்துக்கே அந்தப் பெயர் வந்தது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார், அது அவர் சொன்ன கதை. லத்தீனில் கேடரே என்றால் வெட்டுவது. சிசேரியன் அதிலிருந்து வந்தது என்பதுதான் பொருத்தமான விளக்கம். உன் புத்தகத்தில் இருக்கிற இன்சிஷனும், முன்வாய் வெட்டுப்பல்லான இன்சைசரும், தையல் பெட்டியில் கிடக்கிற சிசரும் அதே வெட்டுதான். அப்பாவிடம் சொல்.